உப்பில் ஊறிய கறி

மாப்ளே,

இன்று ஞாயிற்றுக்கிழமை. மருமகள் கறியை அலசிக் குக்கரில் போடப் போனாள். நான் பாத்திரத்தைப் பிடுங்கிக்கொண்டேன். கல்லுப்பை அள்ளி ஒவ்வொரு துண்டாகத் தேய்த்துச் சாய்த்து வைத்த பலகையில் பரப்பினேன். கொஞ்ச நேரத்தில் ரத்தமும் உப்புமாகத் தண்ணீர் வடிந்தது. அந்த வாசம் மூக்கில் ஏறியதும் உன் வீட்டுச் சமையல்கட்டில் நிற்கிற மாதிரியே இருந்தது.

"ஏனுங் மாமா, கறியைக் கருவாடாக்கப் போறீங்களா?" என்றாள் மருமகள்.

உன்னிடம் நான் கேட்ட கேள்விதான் அது. உன் அம்மா இப்படித்தான் கறி சமைப்பார். அவர் போன பிறகு நீயும் இப்படித்தான். ஏன் என்று கேட்டால், "எங்கம்மா இப்படித்தான் செய்யும்" என்பாய். அதற்கு மேல் உனக்கும் தெரியாது. "கடைக்காரன் ஆட்டை ஒருதரம் கொன்னான், நீ ரெண்டாந்தரம் கொல்றே" என்று நான் எத்தனை முறை கேலி செய்திருப்பேன்!

உன் அப்பா கொச்சிக்கு லாரி ஓட்டியவர். போன இடத்தில் சாரா என்கிற யூதப் பெண்ணைப் பார்த்து, கூட்டிக்கொண்டு நாமக்கல்லுக்கே வந்துவிட்டார். பெண்ணின் வீட்டார் தலைமுழுகிவிட்டு, கொஞ்ச நாளில் குடும்பத்தோடு இஸ்ரேலுக்குக் கப்பல் ஏறினார்கள். உன் அம்மா மட்டும் இங்கே. சனிக்கிழமை அவர் அடுப்பு மூட்டமாட்டார், வெள்ளிக்கிழமை ஆக்கியதுதான். சனீஸ்வரனுக்கு விரதம் இருக்கிறார் என்று தெருவே நம்பியது. மலையாளத்துக்காரம்மாவுக்கு இத்தனை பக்தியா என்று என் அம்மாவே மெச்சினாள். உன் அம்மா சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

மாப்ளே, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே நாம் இரண்டு பேரும் லாரிப் பட்டறையில் கிழவர்களானோம். நீ பாடி கட்டினாய், நான் அதில் எழுத்து எழுதினேன். ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் ஊர் லாரிக்கெல்லாம் பெயர் எழுதுகிறான் என்று நீயும் என்னை விட்டுவைக்கவில்லை. உன் பெண்டாட்டி போனாள். பிள்ளை இல்லை. அப்போதுதான் உன் சித்தி கிடைத்தார். உன் அம்மாவின் தங்கை. இஸ்ரேலில் ஒரு முதியோர் இல்லத்தில் தனியாக இருந்தார், அவருக்கும் பிள்ளை இல்லை. யாரோ யாரையோ பிடித்து உன் நம்பரைக் கண்டுபிடித்து, வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் போனில் முகம் காட்டுவார்.

"மோனே, நீ எப்போ வரும்? என் கண்ணை மூடான் ஆருமில்ல."

செத்தால் கண்ணை மூடிவிடக்கூட ஆளில்லை என்ற அந்தப் பேச்சு உன்னை என்னவோ செய்துவிட்டது. போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கல்ல, போய் அவரோடு இருப்பதற்கே கிளம்பினாய். நான் விடவில்லை.

"அங்க குண்டு விழுகுதுன்னு டீவியில காட்டறான். எதுக்குடா போறே?"

"இங்க என்ற ஊட்டுல ஒரு சத்தமுமே விழுகறதில்லயே, மாமா."

யூதத் தாயின் பிள்ளை என்று நிரூபித்தால் அந்த நாடு உன்னைச் சேர்த்துக்கொள்ளும் என்றார்கள். அம்மா பிறந்த வழிக்குச் சித்தி சாட்சி. ஆனால் இங்கே வந்து யூதராகவே வாழ்ந்தாரா என்று கேட்டார்கள். அதற்கு உயிரோடு இருந்த ஒரே சாட்சி நான்.

உன் போனைப் பெயிண்ட் டப்பாவில் சாய்த்து வைத்து என்னை உட்கார வைத்தாய். அந்தப் பக்கம் இஸ்ரேல் ஆபீசிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா. மொழிபெயர்க்க மெட்ராஸ் தமிழ் பேசும் ஒரு பெண்.

"ஐயா, அவங்க அம்மாவைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"அவிய கறிக்கொழம்பு எனக்குப் புடிக்காதுங் அம்மிணி. உப்பப் போட்டு ரத்தத்தப் பூராவும் உறிஞ்சிப்போட்டு, துவைச்ச துணியாட்டம் ஆக்கித்தான் கொதிக்க வெப்பாங்க. அது கூட மோர் கேட்டனுங்க, கரண்டியிலயே ஒண்ணு போட்டாங்க. கறி தின்ன வாய்க்கு மோர் கெடையாதாம்."

அந்தப் பெண் அதைச் சொல்லச் சொல்ல வெள்ளைக்கார அம்மா போனுக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பது போல முன்னால் சாய்ந்தார். சனிக்கிழமை அடுப்பைப் பற்றியும் சொன்னேன். சனீஸ்வரன் கதைக்கு அவர் சிரித்தேவிட்டார். இத்தனையும் யூதர் முறைதான் என்று அந்தப் பெண் சொன்னாள். நீ பின்னால் நின்று என் தோளை அமுக்கினாய். காரியம் ஆயிற்று என்றுதான் நினைத்தோம்.

கடைசியாக ஒன்று கேட்டார்கள். "அவங்க கல்லறையோட படம் இருக்கா?"

உன் கை என் தோளிலிருந்து இறங்கியது.

"என்னைய எரிச்சுப் போடாதே சாமி, மண்ணுல வை" என்று உன் அம்மா சாகும்போது சொல்லியிருந்தார். உன் அப்பா வழியில் எரிக்கிற வழக்கம், பங்காளிகள் ஒத்துக்கொள்ளவில்லை. விடிவதற்குள் உடம்பை வேனில் ஏற்றிச் சேலத்துக்குக் கொண்டுபோய் ஒரு மாதா கோயில் வாசலில் நின்றோம். "ஞானஸ்நானம் வாங்குனவங்களா?" என்றார் சாமியார். "ஆமாங்க சாமி" என்றாய். அவர் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "குழி வெட்டச் சொல்லு" என்றார். சாரா என்கிற பெயரைக் கல்லில் எழுதியவன் நான். அந்தக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாக் கல்லுக்கும் சிலுவை உண்டு, கொத்தனார் இதற்கும் வைத்துவிட்டார். மண் கிடைத்ததே பெரிது என்றிருந்த நேரம், சிலுவையை யார் பார்த்தோம்!

போனில் படம் கேட்ட அன்றைக்கே நான் சொன்னேன்: "ஒரு உளி போதும் மாப்ளே. தட்டி எடுத்துப்போட்டுப் படத்த அனுப்பீரலாம். பெயிண்டுக்கு நானாச்சு."

"அந்தச் சாமியாருக்குத் தெரியும் மாமா, நான் சொன்னது பொய்யின்னு. தெரிஞ்சேதான் எடங் குடுத்தாரு. அவரு நெலத்துலயே போய் நின்னுட்டு அதய ஒடைக்கச் சொல்றியா?"

உள்ளது உள்ளபடியே படம் பிடித்து அனுப்பினாய். நடந்ததையும் சொல்லி அனுப்பினாய். நடந்ததற்கு என் சொல் மட்டும் போதாது, கோயில் தரப்பில் சாட்சி கேட்டார்கள். சாமியார் செத்து வெகுகாலம். உன் அம்மா வேறு மதத்துக்குப் போய்விட்டதாகத்தான் கல் சொல்கிறது என்று பதில் வந்தது. வேண்டுமானால் நீ முறைப்படிப் படித்து, மதம் மாறி, பிறகு மனுப் போடலாமாம்.

"எங்கம்மா ஊட்டுக்குப் போறதுக்கு நான் வெளியாளா நின்னு கதவத் தட்டோணுமாக்கும்?" என்று கத்தினாய். மறுநாளே, "சரி, தட்டறேன்" என்றாய். படிக்க வேண்டும் என்றார்கள், தலையாட்டினாய். யூதர்கள் இருக்கிற பம்பாய் பக்கம் போய்த் தங்க வேண்டும், அதற்கும் ஆட்டினாய். சுன்னத்து செய்ய வேண்டும் என்றதும் என்னைத் திரும்பிப் பார்த்தாய்.

"இந்த வயசுலயா? டாக்டரு பூதக்கண்ணாடி வெச்சுத் தேடோணும்டா!" என்றேன்.

இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாய். நீ அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுவே கடைசி.

துணிமணியைப் பையில் அடுக்கி வைத்திருந்த ஒரு வெள்ளிக்கிழமை, போன் வரவில்லை. நீயே கூப்பிட்டாய், எடுக்கவில்லை. இருட்டிய பிறகு அந்த இல்லத்து நர்ஸ் பேசினாள். சித்தியின் கண்ணை மூடியது அவள்தான். கேட்டுக்கொண்டாய். பையிலிருந்த சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பக் கொடியில் மாட்டினாய். அதற்கு மேல் நீ பட்டறைக்கு வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

உன் சித்தப்பா மகன் ஆட்களோடு வந்து பாடை கட்டினான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"எரிக்காதீங்க சாமி. அவன் அம்மா வழி யூதரு. மண்ணுலதான் வெக்கோணும்."

அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அதுக்கு என்னங்கண்ணா ஆதாரம்?"

போனில் அவ்வளவு பேசியவன் வழிவிட்டு ஒதுங்கினேன், மாப்ளே. உன்னைத் தூக்கிப் போனார்கள். மூன்றாம் நாள் மோகனூர் ஆற்றில் உன்னைக் கரைத்தபோது நானும் படியில் நின்றிருந்தேன். உன் அம்மா சேலத்தில் சிலுவைக்கு அடியில். உன் சித்தி எங்கேயோ. உனக்கென்று எழுத எனக்கு ஒரு கல்லும் இல்லை.

இன்றைக்குக் கறியை மூன்று தண்ணீர் விட்டு அலசினேன். மருமகள் பக்கத்திலேயே நின்றாள்.

"இது எந்த ஊரு பழக்கமுங் மாமா?"

"என்ற மாப்ளே ஊட்டுப் பழக்கம், அம்மிணி. அவிய யூதரு."

"அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு, ஊற்றி வைத்திருந்த மோரை எடுத்து உள்ளே வைக்கப் போனாள். கறிக்கு மோர் ஆகாதென்று எப்போதோ நான் உளறியதை நினைவில் வைத்திருந்திருக்கிறாள். அவள் என்னிடம் ஆதாரம் எதுவும் கேட்கவில்லை.

குழம்பு வாயில் வைக்கச் சகிக்கவில்லை, மாப்ளே. மறுசோறு போட்டுக்கொண்டேன்.