அண்ணன் ஜீப்பில் நான் ஒட்டிய அம்புகள்

தினமும் விடியறதுக்குள்ளே என்னைப் பைக்கில் ஏற்றிக் கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில் இறக்கிவிட்ட என் ஆசை அண்ணனுக்கு,

உனக்கு நான் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. எதிர் வீட்டில் இருந்துகொண்டு யார் கடிதம் எழுதுவார்கள்? வாசலில் நின்று ஒரு குரல் கொடுத்தால் நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிடுவாய். எல்லாவற்றையும் அப்படித்தான் சொன்னேன். சொல்லியே ஆக வேண்டிய ஒன்றை மட்டும் மூன்று மாதம் சொல்லாமல் வைத்திருந்தேன். அதற்குள் நீ போய்விட்டாய்.

இதை ஊரார் படிக்கிற மாதிரிதான் எழுதுகிறேன். உன்னைத் தலைகுனிய வைத்தது நாலு பேர் முன்னால். மன்னிப்பை மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு உன் படத்திடம் கேட்டால் அடுக்குமா, நீயே சொல்.

முதலில் சேதி. உன் ஜீப்புக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே, நானேதான். பதினோரு வருஷமாக ஒரகடத்துக் கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் இருக்கிறேன் என்று பேர், ஆனால் இந்தக் கையால் ஒரு தகரத்துக்குக்கூட அடித்ததில்லை. அடித்து வருகிற வண்டியை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, தூசி உட்கார்ந்த இடம், பெயிண்ட் வழிந்த இடம் எல்லாவற்றிலும் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. "கொற சொல்றதுக்கு சம்பளமா? நம்ம சொந்தத்துல பாதி பேரு சும்மாவே செய்றாங்களே" என்று நீ கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

அந்த ஜீப்பை நீ கொண்டுவந்து நிறுத்திய நாள் அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டார். ராணுவ ஏலத்தில் போன கிழட்டு வண்டி. வாரம் பூராவும் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு பஸ் ஓட்டுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஸ்டியரிங் எதற்கு என்று கேட்டார். "நாள் பூரா ரோட்டுலயே போய்கினு கீறேன். ரோடே இல்லாத எடத்துல ஒரு நாளு ஓட்டணும்டி" என்றாய்.

ராணுவப் பச்சை நம்மைப் போன்றவர்கள் வண்டிக்குச் சட்டப்படி ஆகாது, நிறத்தை மாற்றியே ஆக வேண்டும். நீ என்னிடம்தான் கேட்டாய். "நீதான பெயிண்ட்ல கீற அமுலு. இன்னா கலர் அடிக்கலாம், சொல்லு." நான் செல்போனிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "வெள்ளை அடி. எங்க லைன்ல பாதி வண்டி வெள்ளைதான்" என்றேன். நீ இரண்டு நாள் யோசித்துவிட்டு உடம்புக்குக் கத்திரிப்பூ நிறமும் மேலே தயிர் வெள்ளையும் என்று முடிவு செய்தாய். சேற்றில் மாட்டிக்கொண்டு நின்றாலும் அது நம் வண்டி என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டுமாம்.

ஒரு வாரம் லீவு போட்டு, ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரசரை வாங்கி வந்து, வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் வைத்து நீயே அடித்தாய். ஆயுத பூஜைக்கு முடித்துவிட வேண்டும் என்று அவசரம். அந்தப் பூஜைக்கு நான் என் லைன் ஆட்களையும் சூப்பர்வைசரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன்.

அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் நான் சரி என்று அனுப்பிய வண்டி ஒன்று கடைசிச் சோதனையில் மாட்டிக்கொண்டது. "கண்ண எங்கம்மா வெச்சிருந்த?" என்று சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் கேட்டார். இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. சாக்குச் சொல்வதற்காக இப்போது சொல்லவில்லை. என் புத்தி எங்கே இருந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அவர்கள் வந்து ஜீப்பைப் பார்த்தார்கள். ஒருத்தன், "இன்னாக்கா, கத்திரிக்கா தோட்டத்துல பொரண்டு எழுந்து வந்தா மாதிரி கீது" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று. இது என் அண்ணன் வண்டி என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாக இருந்தது. அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டால் நான் அவர்கள் பக்கம் ஆகிவிடுவேன் என்று நினைத்தேன். கைப்பையில் அம்பு ஸ்டிக்கர் சுருள் இருந்தது. எடுத்தேன்.

பானெட்டில் ஒட்டினேன், கதவில் ஒட்டினேன், மட்கார்டில் ஒட்டினேன். "தூசி. வழிசல். இங்க மேடு. இங்க மறுபடி தூசி" என்று லைனில் சொல்வது போலவே உரக்கச் சொல்லிக்கொண்டு ஒட்டினேன். சூப்பர்வைசர் கைதட்டினார். ஒருத்தி போட்டோ எடுத்தாள். நீ எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றாய். சந்தனம், குங்குமம் வைக்க இருந்த இடத்திலெல்லாம் என் அம்புகள். நீயும் சிரித்தாய் அண்ணா. "விடாத, நல்லா பாரு" என்றாய். பிறகு பழத்தைச் சக்கரத்தில் நசுக்கிவிட்டு, வண்டியைப் பின்னால் தள்ளித் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, என் ஆட்களுக்கு நீயே இலை போட்டுப் பாயசம் ஊற்றினாய்.

அதன் பிறகு சாயங்காலமானால் நீ தார்ப்பாயைத் தூக்கிவிட்டு உப்பு பேப்பரோடு உட்கார்ந்துவிடுவாய். ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வரும்போது பார்த்தேன். ஓட்டுகிற பக்கத்துக் கதவுக்குக் கீழே குந்தி உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தாய். அண்ணி குழாயடியில் குடம் வைத்துக்கொண்டிருந்தார். அதுதான் எனக்குக் கிடைத்த வாய்ப்பு. தப்பு பண்ணிட்டேன்ணா என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இது சொரசொரப்பு பேப்பர்ணா. ஆயிரத்து எரநூறு நம்பர் போடு, தண்ணி விட்டுத் தேய்." நீ நிமிர்ந்து பார்த்து "சரிம்மா" என்றாய். அந்த "சரிம்மா" என்னைத் தூங்க விடுவதில்லை.

தை மாதம் சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, அப்புறம்தான் நெஞ்சைப் பிடித்தாயாம். பஸ்ஸில் இருந்தவர்கள் சொல்லிச் சொல்லி அழுதார்கள். ஜீப் அந்த மனையைவிட்டு ஒரு அடி நகரவில்லை.

இரண்டு மழைக்காலம் போயிற்று. போன மாதம் அண்ணி தார்ப்பாயை எடுத்தார். வண்டியில் துரு ஏறியிருந்தது. எல்லா இடத்திலும் இல்லை. நீ தேய்த்துத் தேய்த்துத் தகரம் வெளியே தெரிந்த இடங்களில் மட்டும். பானெட்டில், கதவில், மட்கார்டில். நான் ஒட்டிய ஒவ்வொரு அம்பும் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும் அண்ணா. அத்தனை இடத்திலும் துரு.

"சனிக்கெழமையானா சோறுகூட வாணாம்னுட்டு ஒக்காந்து தேச்சிகினு இருப்பாரு" என்றார் அண்ணி. "அமுலு கண்ணுக்கு ஒண்ணும் ஆப்டாத மாதிரி பண்ணிடணும்னுவாரு."

நான் அடித்துத் தருகிறேன் என்றேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிரவில்லை. "வெள்ளையே அட்ச்சிடு. அன்னைக்கு நீ சொன்ன கலர்தான. ஒங்க கம்பெனி ஆளுங்கோ வந்தாலும் ஒனக்குக் கூச்சமா இருக்காது பாரு." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார்.

வெள்ளை வேண்டாம் என்று முடிவு செய்தேன். சீட்டைக் கழற்றினால் அடியில் வெயில் படாத உன் கத்திரிப்பூ நிறம் அப்படியே புதுசாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் கலந்தேன். மூன்று தடவை தப்பாயிற்று. ட்யூப் லைட்டில் சரியாக இருக்கும், காலையில் பார்த்தால் நாவற்பழம் மாதிரி இருக்கும். நாலாவது தடவைதான் உன் நிறம் வந்தது. எந்தக் கணக்கில் இதை நீ கலந்தாய்? யாரிடம் கேட்டாய்? என்னிடம் கேட்கவில்லை என்று மட்டும் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை அடித்தேன். தரையெல்லாம் தண்ணீர் தெளித்து, சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டித்தான் ஆரம்பித்தேன். பானெட் முடிகிற நேரம் ஒரு கன்டெய்னர் லாரி போயிற்று. அவ்வளவுதான், தூசி மொத்தமும் வந்து ஈரப் பெயிண்டில் உட்கார்ந்தது. எங்கள் கம்பெனியில் காற்றைக்கூட வடிகட்டித்தான் உள்ளே விடுவார்கள். தலைமுடி தெரிய ஒருவரும் உள்ளே போக முடியாது. அங்கே பழகின கண்ணால் ரோட்டோரத்தில் நின்று அடித்த உன் வேலையை அளந்தேன். ஓட்டுகிற பக்கத்துக் கதவில் கை ஒரு இடத்திலேயே நின்று பெயிண்ட் வழிந்துவிட்டது. உன் வழிசல் விரல் நீளம்தான். என்னுடையது ஒரு முழம்.

அண்ணி வந்து பக்கத்தில் நின்றார். நான் கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் சுருளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். "ஒட்டுங்க அண்ணி" என்றேன். அவர் கதவைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார். ஒரே ஒரு அம்பைப் பிய்த்தார். அதைக் கதவில் ஒட்டவில்லை. என் நெற்றியில் ஒட்டினார்.

"இதத் தேய்க்க எத்தினாவது நம்பர் பேப்பர் அமுலு?" என்று கேட்டார்.

அன்றைக்குக் குழாயடியில் அவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். நான் அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. நான் அழுது முடிக்கிறவரை நின்றார். அப்புறம் "டீ போடறேன், வா" என்றார். டீ குடிக்கும்போதும் அந்த அம்பு என் நெற்றியில்தான் இருந்தது. அவரும் பிய்க்கவில்லை, நானும் பிய்க்கவில்லை.

அண்ணி இப்போது வண்டி ஓட்டப் பழகுகிறார். கிளட்சை மிதிக்க முதுகுக்கு ஒரு தலையணை வைத்துக்கொள்கிறார். நீ பார்த்தால் சிரிப்பாய்.

இந்த ஆயுத பூஜைக்கு அதே ஆட்களைக் கூப்பிடுகிறேன் அண்ணா. கத்திரிப்பூ வண்டி முன்னால் நிற்கும். கதவில் என் வழிசல் அப்படியே இருக்கும், தேய்க்க மாட்டேன். இது எங்க அண்ணன் வண்டி, நான்தான் அடிச்சேன் என்று அவர்களிடம் சொல்வேன். அன்றைக்கு நான் செய்ததை அவர்கள் எதிரிலேயே சொல்லி உன்னிடம் மன்னிப்புக் கேட்பேன். எலுமிச்சம்பழம் நசுக்கின கையோடு, வற்றிக் கிடக்கிற வடக்குப்பட்டு ஏரிக்குள்ளே, ரோடே இல்லாத இடத்துக்கு, அண்ணி ஓட்டிக்கொண்டு போவார். பின் சீட்டில் நான் இருப்பேன். முன்னால் பக்கத்து சீட் உனக்கு.

இப்படிக்கு,
அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்குச் சொல்லும் உன் தங்கச்சி
அமுலு