மான் என்றே எழுதியாச்சு

தயா,

இடியப்பமும் சொதியும் குசினியில மூடி வைச்சிருக்கிறன். ராத்திரிச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைச்சிட்டு எழும்பிப் போனீர், இப்பவாவது சாப்பிடும்.

காலமை இன்ஷூரன்ஸ்காரர் வருவார். புதுப்பிக்க முதல் பழைய கிளெய்மை முடிக்கோணுமாம். மான் பாய்ஞ்சு கார் நெளிஞ்சதெண்டால் கொழும்பில நம்புகினமில்லை, மதிலில இடிச்சதெண்டு எழுதித் தாங்கோ எண்டு திரும்பவும் கேட்பார். எங்கட ரவுணுக்குள்ள மான் மாடு மாதிரித் திரியுறது அவையளுக்கு எங்க தெரியும்.

நேற்று நானும் மதில் எண்டு எழுதுவம் எண்டனான். இல்லை. மான் எண்டே எழுதிக் கையெழுத்து வைச்சிட்டன். மேசையில இருக்கு, அவர் வந்தால் அதைக் குடும்.

வாகீசன்

பி.கு. நான் பஸ்ஸில போறன். கார்த் திறப்பு சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில. நீர் ஓடேக்க மான் பாய்ஞ்ச அண்டையில இருந்து காரைத் தொடேல்ல. பின்னேரம் வேலை முடிஞ்சு துறைமுகக் கேற்றடியில நிப்பன். காரில வந்து என்னை ஏத்தும்.