தலைக்கவசத்துக்குள் ஒரு தும்மல்

நிலவின் தென்முனை, பனிக்குழி நிலையம்
பராமரிப்புப் பதிவு
எழுதுபவர்: லிடியா ஞானசிகாமணி, நிலையப் பொறியாளர்

ஜூன் 11, 06:30

காற்றழுத்தம் சரி. ஆக்சிஜன் சரி. மின்கலங்கள் சரி. தண்ணீர் மட்டும் குறைவு. இங்கே தண்ணீர் குறைந்தால் மூச்சும் குறையும். தண்ணீரைப் பிரித்துத்தான் ஆக்சிஜன் எடுக்கிறோம். பக்கத்துக் குழியில் வெயிலே படாத பனி கிடக்கிறது. அதை வெட்டி வண்டியில் ஏற்றி வர வேண்டும். இந்த வாரம் என் முறை.

இதைக் கண்டெடுத்துப் படிப்பவர் யாரோ, எவரோ, உங்களுக்காகச் சொல்கிறேன். இங்கே இருப்பது இரண்டே பேர். எட்டு மாதமாக நான். இன்னொருவன் பூமிநாதன், நான் கூப்பிடுவது பூமி என்று, பாறை ஆய்வாளன், உசிலம்பட்டிப் பக்கம். போன வாரம்தான் வந்து இறங்கினான். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் இறங்கிய மறுநாளிலிருந்து தும்முகிறான். கேட்டால் நிலாத் தூசி ஒத்துக்கொள்ளவில்லையாம். தூசிக்குப் பச்சை நிறத்திலா மூக்கு ஒழுகும்?

ஜூன் 12, 13:10

ஆக்சிஜன் சரி. வடிகட்டி சரி. நான் சரியில்லை.

எட்டு மாதம் ஒரு கிருமி அண்டாமல் இருந்த உடம்பு இது. இப்போது தொண்டை கரகரப்பு, தலை பாறாங்கல். இது போதாதென்று முட்டி, இடுப்பு, தோள்பட்டை எல்லாம் முறை வைத்து வலிக்கின்றன. தும்மும்போது இடுப்பில் ஒரு வெட்டு வெட்டுகிறது பாருங்கள், நாற்பத்தெட்டு வயதும் மொத்தமாகக் கண்முன் வந்து போகிறது.

ஊரில் சளி பிடித்தால் ஒழுகியாவது தொலையும். இங்கே ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு. சளி இறங்குவதில்லை. முகத்துக்குள்ளேயே கூழ் மாதிரி தேங்கி நிற்கிறது. சிந்தினால் மூக்கு நுனியில் உருண்டு தொங்குகிறது. விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. துணியை வைத்துப் பிடிக்க வேண்டும். பூமிநாதன் அப்படிப் பிடிப்பதில்லை. காலையில் சாப்பாட்டு மேசையின் விளிம்பில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. நான் கஞ்சிப் பாக்கெட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மூச்சின் ஈரம், காயப்போட்ட மூக்குத் துணியின் ஈரம், எல்லாம் சுத்திகரிப்புக்குப் போய்க் குடிநீராகத் திரும்புகிறது. அந்த வடிகட்டியைக் கழற்றி மாட்டுவதே நான்தான். தண்ணீர் சுத்தம் என்று என்னைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. தெரிந்தும் குவளையைத் தூக்கினால் குமட்டுகிறது.

ஜூன் 12, 20:00

பூமியின் தங்கை அனுப்பிய குரல் செய்தியைத் தரை நிலையம் ஒலிபரப்பியது. இங்கே எல்லாம் ஒரே அறை. வேண்டாமென்றாலும் காதில் விழும்.

“அண்ணே, நல்லாருக்கியா? பாப்பாவுக்குக் காது குத்துன எடம் ஆறிருச்சு. சளிதான் இன்னும் விடல. அன்னைக்கு ஒன் மடியில ஒக்காந்து வேட்டியிலயே மூக்கச் சிந்துச்சே, ஒனக்கும் ஒட்டிக்கிருச்சோன்னு அம்மா ஒரே பொலம்பல். மெளகு ரசம் வச்சுக் குடிண்ணே.”

நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான்.

விண்ணேறும் முன் இரண்டு வாரம் யார் மூச்சும் படாமல் தனியே அடைந்து கிடக்க வேண்டும். இந்தச் சனியனை இங்கே கொண்டுவரக் கூடாது என்பதற்காகத்தான் அந்த விதி. இவன் நடுவில் ஒரு பகல் பின்வாசல் வழியாக நழுவிப் போயிருக்கிறான். காவலர் ஊர்க்காரராம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டுமாம், குலதெய்வம் கோயிலில் குறித்த தேதியை மாற்றினால் சாமி குத்தமாம், திரும்பி வந்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டானாம். பல கோடி செலவில் பரிசோதித்து, மூன்று அடுக்குக் கண்ணாடிக்குள் பூட்டி வைத்த ஆள், கோயில் வாசலில் மூக்கொழுகும் பிள்ளைக்கு நாற்காலியாக உட்கார்ந்துவிட்டு வந்திருக்கிறான்.

நிலவுக்குக் கிளம்புகிறவன் அந்த வேட்டியையும் மடியையும் ஊரிலேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனோடு பேசவில்லை. அவன் என்னிடம் ரசப்பொடிப் பாக்கெட் ஒன்றை நீட்டினான். அதன் மேல் அவன் விரல் ஈரம். சீ.

ஜூன் 13, 09:20

தரை நிலைய மருத்துவர் ஹேமலதா அழைத்தார்.

“மேடம், மூக்கை மூடிக்கிட்டு லேசா ஊதிப் பாருங்க. காது பட்டுன்னு திறக்குதா?”

இரண்டும் திறக்கவில்லை.

“அப்போ நீங்க விண்வெளி உடையே போடக் கூடாது. உடைக்குள்ள அழுத்தம் ரொம்பக் கம்மி. அடைச்ச காதோட வெளிய போனா செவிப்பறை கிழிஞ்சிடும். ஆவி பிடிங்க, ரெஸ்ட் எடுங்க.”

பூமியைக் கேட்டார். அவன் மூக்கு குழாய் மாதிரி ஒழுகினாலும் காது இரண்டும் திறந்துதான் இருக்கின்றன. ஆக, பனி வெட்டப் போவது அவன். சளியைக் கொண்டுவந்தவனுக்குக் காது நன்றாக இருக்கிறது, எனக்கு இல்லை. இதில் என்ன நியாயம் என்று கேட்க ஆளில்லை.

ஆவி பிடித்தேன். ஒரு குவளை வெந்நீர், அதில் ஒரு சொட்டு தைலம், தலைக்கு மேல் துண்டு. அரை நிமிடத்தில் ஈரப்பத எச்சரிக்கை அலறியது. அலறட்டும் என்று குனிந்தே இருந்தேன். அப்போதுதான் துண்டின் ஓரத்தில் பசை மாதிரி ஏதோ கன்னத்தில் ஒட்டியது. அது பூமி மூக்கைத் துடைத்த துண்டு. குவளையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முகத்தைத் தேய்தேய் என்று தேய்த்தேன். இன்னும் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 14, 10:40

தண்ணீர் சிவப்புக் கோட்டுக்கு வந்துவிட்டது. பூமி கிளம்பிவிட்டான்.

போகும் முன் சளி மாத்திரை இரண்டு கொடுத்தேன். அதைப் போட்டவர் வண்டி ஓட்டக் கூடாது என்று உறையிலேயே அச்சடித்திருக்கிறது. படித்துவிட்டுத்தான் கொடுத்தேன். தலைக்கவசத்துக்குள் தும்மினால் கண்ணாடியில் அப்பிக்கொள்ளும், துடைக்க வழியில்லை, அதனால் கொடுத்தேன். இது பாதி உண்மை. மீதி உண்மை, அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் வானொலியில் என் காதுக்குள்ளேயே கேட்கும். அதை இன்னொரு பகல் முழுக்க என்னால் தாங்க முடியாது. அவன் நன்றி சொல்லி வாங்கிப் போட்டுக்கொண்டான்.

உறிஞ்சல் நின்றுவிட்டது. நிம்மதி.

ஜூன் 14, 13:55

பூமியிடமிருந்து:

“அக்கா... கண்ணு அசந்துருச்சுக்கா. வண்டி கவுந்துருச்சு. காலு அடியில மாட்டிக்கிச்சு. ஒடையில ஓட்ட ஒண்ணும் இல்ல. ஆனா சூடு வரமாட்டேங்குது. குளிருதுக்கா.”

அவன் உடையின் வெப்பக் கம்பி வண்டியின் மின்கலத்தில் ஓடுவது. கவிழ்ந்ததில் இணைப்பு பிடுங்கிக்கொண்டிருக்கும். அந்தக் குழியின் குளிரில் வெப்பமில்லாத உடை அதிக நேரம் தாங்காது.

நான் சொன்னேன்: “லேய் பூமி, தூங்கிராத. எதாவது பேசிக்கிட்டே கெட. நான் வாறேன்.”

ஹேமலதா குறுக்கே வந்தார்: “மேடம், வேண்டாம். காது போறதோட நிக்காது. பாதி வழியில தலை சுத்தி நீங்களும் விழுந்துட்டா அங்க யாருமே இருக்க மாட்டாங்க.”

அவர் சொல்வது சரி. அடுத்த கலம் வர ஒரு மாதம் ஆகும், அதுவும் சரி. ஆனால் அந்த மாத்திரையைக் கொடுத்தது நான். காதுதானே, போய்த் தொலையட்டும்.

ஜூன் 14, 14:35. குரல் பதிவு

இனி தட்டெழுத முடியாது. உடையின் பதிவுப்பெட்டி நான் பேசுவதை எழுத்தாக்கும்.

வெளிக்கதவு அறையில் அழுத்தம் இறங்குகிறது. நெற்றியில் ஆணி அடிப்பதுபோல் இருக்கிறது. மேல் பல் எல்லாம் வலிக்கிறது. விழுங்குகிறேன், விழுங்குகிறேன், சளிதான் உள்ளே போகிறது. உவ்வே.

இடது காது போய்விட்டது. துணி கிழிவது மாதிரி கேட்டது. கழுத்தில் சூடாக வழிகிறது. ரத்தமா சீழா, பார்க்க முடியாது. வலது காது கொஞ்சம் கேட்கிறது. கதவைத் திறந்துவிட்டேன்.

ஜூன் 14, 15:05. குரல் பதிவு

வண்டித் தடத்தில் நடக்கிறேன். இடது பக்கம் முழுக்கக் குழி. விளிம்பில் கால் தவறினால் அடி தெரியாது. உலகம் லேசாகச் சுற்றுகிறது. காது போனால் தள்ளாட்டமும் வருமாம், அதையும் சொல்லியிருக்கலாம் அந்த அம்மா. சொன்னார்தான்.

பூமி பேசுகிறான்: “பாப்பா காதுல தோடு போட்டு வீடியோ எடுத்து அனுப்புறேன்னுச்சுக்கா. நாந்தானே மடியில வச்சேன். அழவே இல்லக்கா. என் வெரலப் புடிச்சுக்கிட்டே...”

“ம், சொல்லு. வெரலப் புடிச்சு?”

பதிலுக்கு மூக்கை உறிஞ்சுகிறான். உறிஞ்சட்டும். நன்றாக உறிஞ்சட்டும். தூரத்தில் வண்டி விளக்கு தெரிகிறது.

ஜூன் 14, 15:20. குரல் பதிவு

தும்மிவிட்டேன்.

அடக்கினேன், நாக்கை அண்ணத்தில் அழுத்தினேன், நின்றேன், எல்லாம் செய்தேன். ஒன்று வந்தது. அதன் பின்னாலேயே இன்னொன்று. கண்ணாடி முழுக்க. மூன்று நாளாக இறங்காமல் தேங்கி நின்றதெல்லாம் மொத்தமாக. பச்சையும் மஞ்சளும் ரத்தக் கோடும். மெதுவாக வழிந்து பரவுகிறது. முகத்துக்கு நான்கு விரல் தள்ளி இருக்கிறது, துடைக்கக் கை எட்டாது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தைத் தேய்க்கிறேன், பைத்தியம் மாதிரி. நெற்றியால் துடைக்கப் பார்த்தேன். இப்போது நெற்றியிலும் கண்ணிமையிலும். வாயைத் திறந்தால் உப்புக் கரிக்கிறது. வாந்தி வருகிறது. வாந்தி எடுத்தால் மூச்சு அடைத்துச் சாவேன். விழுங்குகிறேன்.

இரண்டாவது தும்மலில் வலது காதும் போய்விட்டது. இரைச்சல் மட்டும். தரை நிலையம் என்ன சொல்கிறது, தெரியாது. பூமி என்ன சொல்கிறான், தெரியாது.

ஒன்று மட்டும் தெரிகிறது. சளிக்கு அந்தப் பக்கம் ஒரு வெளிச்சம், கலங்கலாக.

“பூமி, எனக்குக் கேக்கல. கண்ணும் தெரியல. நான் பேசுறது ஒனக்குக் கேட்டா வெளக்க ரெண்டு தடவ போட்டு அணை.”

வெளிச்சம் இரண்டு தடவை மின்னியது.

கேட்கிறது அவனுக்கு. இருக்கிறான்.

ஜூன் 14, 15:40. குரல் பதிவு

வெளிச்சத்தைப் பார்த்தே நடக்கிறேன். கொஞ்ச தூரத்துக்கு ஒரு முறை கேட்கிறேன்: “நேராத்தான வாறேன்?” இரண்டு மின்னல். “இன்னும் முழிச்சிருக்கியா?” இரண்டு மின்னல். ஒரு முறை கால் சறுக்கியது, இடது பக்கம் ஒன்றுமே இல்லை, வெறும் காற்றும் இல்லை. மண்டியிட்டேன். “பூமி, இருக்கியா?” இரண்டு மின்னல். நல்ல பிள்ளை. எழுந்துவிட்டேன்.

அவனைத் திட்டிக்கொண்டே நடக்கிறேன். ஊருக்குப் போனதும் நானே அந்தப் பாப்பாவுக்குக் கைக்குட்டை ஒரு டஜன் வாங்கித் தருகிறேன் என்றேன். இரண்டு மின்னல்.

ஜூன் 14, 16:00. குரல் பதிவு

வந்துவிட்டேன். கை வண்டியில் பட்டுவிட்டது. சக்கரம் மேலே இருக்கிறது.

“பூமி, வெளக்க அணைச்சுக்க. போதும். நான் வந்துட்டேன்.”

இரண்டு மின்னல்.

“அணைலே.”

இரண்டு மின்னல்.

தடவிப் பார்க்கிறேன். விளக்கு வண்டியின் பின்பக்கம், கம்பத்தில். இருக்கையிலிருந்து அவன் கை இங்கே எட்டாது. அபாய விளக்கு. வண்டி கவிழ்ந்தால் தானாக எரியும். சில நொடிக்கு ஒரு முறை இரண்டு இரண்டாக மின்னும். இந்த வண்டியைப் பராமரிப்பது நான். இது எனக்குத் தெரியாதா? தெரியும். நினைக்க மனம் வரவில்லை.

அப்படியென்றால் அவன் கடைசியாக எப்போது பேசினான்?

ஜூன் 14, நேரம் தெரியவில்லை. குரல் பதிவு

வண்டியை நெம்பித் தள்ளிவிட்டேன். இங்கே எடை குறைவு, அது ஒன்றுதான் இந்த இடத்தில் நல்லது. அவன் காலை இழுத்தேன். வந்தது. உடை கல் மாதிரி இருக்கிறது. கை மடங்கவில்லை. குளிரில் உடை விறைக்கும், அது உடைதான், அவன் இல்லை.

வண்டியின் கம்பி அறுந்து கிடக்கிறது, அதனால் என் முதுகு மின்கலத்தின் வெப்பக் கம்பியைப் பிடுங்கி அவன் உடையில் செருகியிருக்கிறேன். ஒரு கம்பி ஒருவருக்குத்தான். முதலில் விரல் நுனி போனது. இப்போது கால்.

என் தலைக்கவசத்தை அவனுடையதோடு ஒட்டி வைத்திருக்கிறேன். அசைந்தால் எலும்பில் தெரியும். காது வேண்டாம், அதிர்ந்தால் போதும். சளி என் கண்ணில் உறைகிறது. பரவாயில்லை. அதைத் துடைக்கவும் தோன்றவில்லை.

“பூமி. நான் லிடியாக்கா. தூங்குனது போதும்.”

அதிர்கிறதா? இல்லை. அது என் நடுக்கம்.

“லேய். மூக்க உறிஞ்சு. எப்பவும் உறிஞ்சுவியே, அது மாதிரி.”

இன்னும் இல்லை.

“நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். மேசையில சிந்து, துண்டுல தொட, என் மூஞ்சியிலயே தும்மு. ஒரே ஒரு தடவ. தும்முலே மக்கா. தும்மு”