உப்பு வெளியில் ஹாரன் சத்தம்

இன்று காலை டூல் பாக்ஸைத் திறந்ததும் மெழுகு ஸ்பிரேயின் வாசனை குப்பென்று வந்தது. உன் டப்பாதான். மூடியைச் சரியாகப் போடாமலே வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். நீ இருந்திருந்தால் நாள் முழுக்கத் திட்டித் தீர்த்திருப்பேன். வெளியே துபாயின் இந்த அல் கூஸ் பேட்டை முழுவதும் பனிமூட்டம். எதிர் குடோன் ஷட்டர்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. யார்டில் புது கேரவன் ஒன்று டெலிவரிக்குத் தயாராக நின்றது. நாம் இருவரும் போன அதே பாலைவனக் குளிர்கால முகாமுக்கு, சப்கா என்கிற அதே உப்பு வெளி வழியாக.

நீயாவது என்னைப் புரிந்துகொள்வாய். அந்த உப்பு வெளியை நினைத்தாலே எனக்கு உதறல்தான். கோடையில் சிமெண்ட் தளம்போல இறுகிக் கிடக்கும். குளிர்காலத்தில் ஒரு மழை பெய்துவிட்டால் போதும், மேலே வெள்ளை ஏடு, கீழே சேறு. முகாமுக்குப் போக வேறு பாதையும் கிடையாது. சக்கரம் கொஞ்சம் தடம் மாறினால் வண்டி அச்சுவரை இறங்கிவிடும். இறங்காவிட்டாலும் தெறிக்கிற உப்புச் சேறு புது கேரவனின் பிரேக்கிலும் வயர் பிளக்கிலும் போய் ஒட்டிக்கொள்ளும்.

இதற்காகத்தான் டெலிவரிக்கு முந்தின நாள் நீ கேரவனுக்கு அடியில் மல்லாந்து படுத்து, ஒரு இடுக்கு விடாமல் மெழுகு அடிப்பாய். பிளக்குகளுக்கெல்லாம் பிளாஸ்டிக் பை கட்டுவாய். "உப்புக்கு அவசரமே கிடையாதுடா. மேல பளபளன்னு நிக்கும், அடியில தின்னுக்கிட்டே இருக்கும்" என்பாய். உன் முகமெல்லாம் மெழுகு வழியும். நான் சிரிப்பேன்.

நாம் போன அன்றைக்கும் இப்படித்தான் பனி. பாதி வெளிக்குப் போனதும் பாதை தெரியவில்லை. திரும்பிவிடலாம் என்று நான் கெஞ்சினேன்.

"எங்கடா திருப்புவ? கேரவனை இழுத்துக்கிட்டு வட்டம் போட்டா நேரா சேத்துலதான்" என்றபடி நீ கீழே இறங்கினாய். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, காலால் தரையை மிதித்துப் பார்த்தபடி வண்டிக்கு முன்னால் நடந்தாய். "நான் மிதிச்ச இடத்துல மெதுவா உருட்டிட்டு வா. ஹாரன் அடிச்சுக்கிட்டே வரணும், ஒட்டகம் படுத்துக் கிடக்கும்."

அடித்தேன். உன் துண்டு தெரியும், மறையும், மறுபடி தெரியும். ஒரு கட்டத்தில் மறைந்தது மறைந்ததுதான். பயத்தில் பிரேக்கை மிதித்தேன், ஹாரனையும் விட்டுவிட்டேன்.

பனிக்குள்ளிருந்து நீ ஓடிவந்தாய். உன் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "ஏன்டா நிறுத்துன? ஏன்டா ஹாரனை நிறுத்துன?" என்று கதவை ஓங்கி அடித்தாய். ஒட்டகத்துக்காகவா இவ்வளவு கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

முகாமுக்குப் போய்ச் சேர்ந்ததும், சேற்றைக் கழுவ அங்கிருந்த ஹோஸைத் திறந்தேன். நீ ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "மூடுடா, கிணத்துத் தண்ணி, உப்பு" என்றாய். நமக்குக் குடிக்க வைத்திருந்த கேன் தண்ணீரையெல்லாம் பிரேக்குக்கு ஊற்றிவிட்டு, வறண்ட வாயோடு திரும்பினோம்.

போன கோடையில் லீவில் ஊருக்குப் போனாய். நெஞ்சுவலி என்று தகவல் வந்தது. பதறி உன் நம்பருக்கு அடித்தால் உன் மச்சான் எடுத்தான். அவன் பேசுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கும் டியூட்டிக்குப் போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்று வண்டி ஓட்டியவர் யாழ்ப்பாணத்துக்காரர், வேலைக்குப் புதிது. சப்காவுக்குள் நுழைந்ததும் பனி அடைத்துக்கொண்டது. அவருக்குத் தரை தெரியாது. இறங்கி நடக்க என்னைவிட்டால் ஆள் இல்லை. உன்னைப்போலவே துண்டைக் கட்டிக்கொண்டு, ஹாரன் அடித்தபடி வரச் சொல்லிவிட்டு நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் ஏடு நொறுங்கும் சத்தம். முன்னால் வெள்ளை, பக்கத்தில் வெள்ளை, பார்த்து நடக்க ஒரு துண்டுகூட இல்லை. முதுகுக்குப் பின்னால் அந்த ஹாரன் மட்டும்தான் இருந்தது.

திடீரென்று அது நின்றது.

உலகத்தில் ஒருவரும் இல்லை என்று ஆகிவிட்டது எனக்கு. வந்த திசை எது, போகிற திசை எது என்று தெரியவில்லை. கால் தானாகத் திரும்பி ஓடியது. வண்டியின் கதவு கையில் பட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

"என்னண்ணை, முகமெல்லாம் வெளிறிப் போச்சு? ஒட்டகம் ஒண்டையும் காணேல்லை எண்டுதான் ஹோர்னை நிப்பாட்டினனான்" என்றார் அவர்.

அப்போதுதான் அன்றைய உன் முகம் எனக்குப் புரிந்தது, அது கோபமே இல்லை. அத்தனை பயத்தையும் தலையில் கட்டிக்கொண்டா முன்னால் நடந்தாய்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் வண்டியை நகர்த்தியிருக்கவே மாட்டேன், அதுவும் உனக்குத் தெரியும்.

கேரவன் வந்து சேர்ந்துவிட்டது. கேன் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடிப்பக்கத்தைக் கழுவினேன். உன் டப்பாவையும் இறுக்கி மூடிவிட்டேன். அவருக்கு நான் சொன்ன பதிலை மட்டும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

"விடாம அடிங்க தம்பி. பனிக்குள்ள ஒட்டகம் படுத்துக் கிடக்கும்."