உன் சுறாவும் என் பலகையும்

அன்புள்ள சின்னக்குட்டிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, அண்ணன், அண்ணி எல்லோரும் சௌக்கியம், நான் மட்டும் எரிச்சலில் இருக்கிறேன். நீ சௌக்கியமா என்று நீ போனை எடுத்தால்தானே தெரியும். மூன்று மாதத்துக்கு முன்னால் "பொம்மை மீனை நீந்த விடறதுக்கா இவ்வளவு படிச்சே" என்று நான் கேட்டதும், "நான் செய்ற வேலையை ஒரு நாளாவது பாத்திருக்கியாம்மா" என்று சொல்லிவிட்டு வைத்தவள்தான். சரி, பார்த்துவிடுவோம் என்று அண்ணியிடம் சொல்லி உன் கம்பெனி செய்த அந்தக் கடல் விளையாட்டைத் தையல் மேசைக்குப் பக்கத்துக் கம்ப்யூட்டரில் போடச் சொன்னேன். வினையை விலைக்கு வாங்கிய கதை. நடுக்கடலில் நாலு பலகையைப் போட்டு என்னை அதன் மேல் நிறுத்திவிட்டீர்கள், நான் குடிக்கத் தண்ணீர் தேடுவேனா, பலகையைச் சேர்ப்பேனா, அதற்குள் உன் சுறா வந்து ஒரு மூலையைப் பிய்த்துக்கொண்டு போகிறது. ஈட்டியால் குத்தி விரட்டினால் போன வேகத்தில் திரும்பி வருகிறது. மூன்று வாரத்தில் ஒன்பது முறை செத்தேன், அதில் ஒருமுறை ஜெல்லி மீன் கொட்டி. அப்பா பின்னால் நின்று "மீனோட போய் மல்லுக்கு நிக்கிறியே" என்று சிரிக்கிறார். அந்தக் கோபத்தில் பக்கத்துத் தெரு வக்கீல் அம்மாவின் கோட்டுக்கு இடது கையை வலப்பக்கம் வைத்துத் தைத்து, மறுபடி முழுக்கப் பிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசிப் பலகையும் போய்விட்டது, வேறு வழியில்லாமல் கடலுக்குள் இறங்கினேன். அடியில் மணலோடு மணலாகக் கிடந்த ஒரு திருக்கை எழுந்து என் தலைக்கு மேலே போயிற்று. அதன் செட்டை ஓரம் அலைந்ததைப் பார்த்ததும் என் கை அப்படியே நின்றுவிட்டது. துணியை மூலைக்கு மூலை குறுக்காக வெட்டினால்தான் ஓரம் அப்படி விழும், நேர்வாக்கில் வெட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும். இது என் தையல் மேசையடியில் வளர்ந்த நம் வீட்டுப் பெண் வேலை என்று கத்தினேன், அதற்குள் சுறா வந்து என்னை விழுங்கிவிட்டது. அண்ணி விளையாட்டைச் செய்தவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேடிப் பார்த்துவிட்டு "திருக்கையைச் செஞ்சது அவதான் அத்தை, சுறா வேற யாரோ" என்றாள். அந்த வேறு யாரோ மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. உன் மேல் இல்லை. பார்க்காமல் பேசியது என் தப்பு, இதைச் சொல்லத்தான் பதினாறு முறை போன் போட்டேன்.

நோய்நொடி இல்லாமல், எடுத்த காரியம் கைகூடி நன்றாக இரு. மணிக்கட்டு வலித்தால் வேலையை நிறுத்து, வேளைக்குச் சாப்பிடு, போனை எடு.

இப்படிக்கு,
இன்னும் கரை சேராத உன் அம்மா