ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கச் சொன்ன காரணம்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் உயிரோடும் சுகத்தோடும் இருக்கிறோம், அதில் உயிரோடு இருப்பதற்கு நான் எந்த வகையிலும் காரணமில்லை என்பதை இதைப் படித்து முடிக்கும்போது தெரிந்துகொள்வாய். உன் இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. செவ்வாய்க்கிழமை நீ வேலையில் இருக்கும்போது போன் போட்டு, அறைக்குப் போனதும் முதல் வேலையாக மெயினை ஆஃப் பண்ணிவிட்டு ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கு, அதுவரை குளியலறைக் குழாயைக்கூடத் தொடாதே, காரணம் கேட்காதே என்று கத்திவிட்டு வைத்தேன் அல்லவா. எடுத்துட்டேன்ப்பா, ஆனா ஏன், ஏன் என்று அன்றிலிருந்து நீயும் கேட்டபடி இருக்கிறாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வரும், சொல்ல வந்தது நின்றுபோகும். தாளில் நீ குறுக்கே பேச முடியாது, அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மா எலக்ட்ரீஷியன் பயிற்சியில் சேர்ந்தபோது சேரும்மா சேரும்மா என்று தூண்டிவிட்டதே நீதான். நானும் தலையாட்டினேன். அந்தப் பயிற்சியோடு இலவச இணைப்பாக ஒரு வாத்தியாரும் வருவார் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சட்டைப்பையில் நாலு பேனா வைத்திருப்பார், ஒரு மனிதனுக்கு ஒரு பேனா போதாதா, அதனால் நான் மனதுக்குள் அவருக்கு நாலு பேனா என்றே பெயர் வைத்திருக்கிறேன். சாப்பிட உட்கார்ந்தால் சார் சொன்னாரு. துணி மடிக்கும்போது சார் சொன்னாரு. ஸ்விட்ச் எப்பவும் ஃபேஸ் வயர்லதான் இருக்கணும்னு சார் சொன்னாரு, ஜாயிண்ட்டைச் சுவத்துக்குள்ள புதைக்கக் கூடாதுன்னு சார் சொன்னாரு. ஒருநாள் விரல் விட்டு எண்ணினேன், ஒரே சாப்பாட்டில் பதினான்கு சார் சொன்னாரு. இருபத்தாறு வருஷக் கல்யாணத்தில் எங்க வீட்டுக்காரர் சொன்னாரு என்று அவள் யாரிடமாவது பதினான்கு முறை சொல்லியிருப்பாளா, நீயே சொல். தினமும் ரொட்டி வண்டியில் அவளைப் பயிற்சி நிலைய வாசலில் இறக்கிவிட்டுத்தான் கடைகளுக்கு ரொட்டி போடப் போகிறேன், ஒரு காலையில் அந்த ஆள் வண்டி ஜன்னலண்டை வந்து, உங்க வீட்டம்மா மாதிரி ஜாயிண்ட் போட இந்த பேட்ச்ல ஆளே இல்ல சார், முறுக்குனா முறுக்குனதுதான் என்றார். அவள் முறுக்கி நான் பார்க்காததா. சிரித்து வைத்தேன், அன்றைக்கு இரண்டு கடைக்கு ரொட்டியை மாற்றிப் போட்டேன். அது போதாதென்று கீழ்வீட்டுத் தையல்காரி, ஃபியூஸ் போனால் என்னைத்தானே கூப்பிடுவாள், போன வாரம் மாடியேறி வந்து, அண்ணே, ஃபேன் கடகடங்குது, அக்கா இருக்காங்களா என்று கேட்கிறாள். கையில் ஸ்க்ரூடிரைவரோடு நிற்கிறேன், என்னைத் தாண்டி எட்டிப் பார்க்கிறாள்.

இந்த நிலைமையில் கடைசிப் பரீட்சைக்கு ஒரு வீட்டின் வயரிங் முழுவதையும் சோதித்து, கண்ட குறையை ஒரு படிவத்தில் எழுதி, சரிசெய்து காட்ட வேண்டும், வாத்தியார் நேரில் வந்து பார்ப்பார் என்று வந்தது. உன் அம்மா தையல்காரி வீட்டைத்தான் எடுத்துக்கொள்வதாக இருந்தாள். நான்தான் விடவில்லை. நம்ம வீடு என்ன மட்டமா, நம்ம வீட்டையே எடு என்று அடம்பிடித்தேன். பின்னறையில் வாஷிங் மெஷினுக்கு நானே இழுத்த லைனை அந்த நாலு பேனா பார்க்க வேண்டும், பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று ஆசை. அந்த மெஷின் வந்த புதிதில் தொட்டால் சுருசுருவென்று இழுத்ததும், நான் பிளக் பாயிண்ட்டைத் திறந்து எர்த் ஓட்டையையும் நியூட்ரலையும் சின்ன வயர்த் துண்டு ஒன்றால் சேர்த்ததும், மறுநிமிடம் அது நின்றதும், நீங்க எலக்ட்ரீஷியனையே தூக்கிச் சாப்பிட்டுடுவீங்க போல என்று உன் அம்மா சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். ஹார்டுவேர் கடைக்காரர் சொல்லிக்கொடுத்த வித்தை அது, அதை மட்டும் நான் வீட்டில் சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மெயினை அணைத்துவிட்டு அவள் ஒவ்வொரு பாயிண்ட்டாகத் திறந்தாள். நான் பின்னாலேயே டார்ச் பிடித்துக்கொண்டு போனேன். பின்னறைப் பாயிண்ட்டைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அழகில் சொக்கிவிட்டாள் என்று நினைத்தேன். ஏங்க, பச்சை வயர் எங்கங்க என்றாள். லைட் எரிய ரெண்டு வயர் போதுமே என்றேன். பிறகு குந்தி உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தாள். கரண்ட் வர ஃபேஸ் என்று ஒரு வயர், திரும்பிப் போக நியூட்ரல் என்று ஒரு வயர், மெஷினில் கோளாறு வந்தால் மண்ணுக்குள் இறங்கிப் போக மூன்றாவதாக ஒரு வயர், அதுதான் எர்த். அந்த மூன்றாவது வழியே நம் பின்னறையில் கிடையாது. நான் வைத்த துண்டு வயரால், திரும்பிப் போகிற வயர் எங்காவது ஒரு இடத்தில் கழன்றால் போதும், போக வழியில்லாத கரண்ட் அந்தத் துண்டு வழியாக மெஷினின் தகரத்துக்கே வந்து நிற்கும். அந்தச் சமயம் ஈரக் கையோடு தொடுகிறவர்தான் அது மண்ணுக்குப் போகும் வழி. டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்த்தால்கூட எர்த் இருப்பது போலப் பளிச்சென்று எரியும், அதுதான் இதுல உள்ள ஏமாத்து என்று சார் போர்டுல படமே போட்டாரு என்றாள். அந்த நேரத்திலும் ஒரு சார் போட்டாரு.

சரி, துண்டை எடுத்துடு, பச்சை வயரை இழுத்துடு, படிவத்தில் ஒன்றும் எழுதாதே என்றேன். படிவத்தில் வயரிங் செய்தவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கிறது, தெரியுமா. சரி பண்ணிடுறேன், ஆனா கண்டதைக் கண்டபடி எழுதலன்னா அது என்னங்க சோதனை என்றாள். எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த ஆள்கிட்ட நல்ல பேர் வாங்க என்னைக் காட்டிக்கொடுக்கிறே என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் சத்தம் போடவில்லை. அஞ்சு வருஷமா இந்த மெஷினை ஈரக் கையால தொட்டது யாருங்க, நானும் நம்ம பொண்ணும்தானே என்றாள். அவ்வளவுதான் சொன்னாள், துண்டு வயரைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

அப்போதுதான் உன் ஹீட்டர் ஞாபகம் வந்தது வாலு. போன வருஷம் நீ போனில், அப்பா, ஹீட்டர் பைப் சுருக்குங்குது என்றாய், நான் பெரிய மேதாவி மாதிரி இதே வித்தையைச் சொல்லிக்கொடுத்தேன், நீயும் செய்துவிட்டு, நின்னுடுச்சுப்பா, நீங்க கில்லாடி என்றாய். அந்தக் கில்லாடியை வைத்து ஒரு மாதம் ரொட்டிக் கடைக்காரர்கள் எல்லாரையும் அறுத்தேன். தினமும் நீ தண்ணீரில் நனைந்தபடி நிற்கும் இடத்தில் அதை வைக்கச் சொன்னவன் நான். உனக்குப் போன் போடும்போது இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினேன். உன் அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கை எழுத எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை நாலு பேனா வந்தார். அதற்குள் உன் அம்மா மெயின் போர்டிலிருந்து பின்னறைக்குப் பச்சை வயர் இழுத்துவிட்டாள், பழைய எர்த் கம்பி துருவேறி அறுந்து கிடந்ததால் புதிய எர்த் கம்பி இறக்கக் கீழே வாசலில் நான் குழி வெட்டினேன், கடப்பாரையை யாரிடமும் தரவில்லை. படிவத்தில் எல்லாக் கட்டமும் எழுதியிருந்தாள், அந்தப் பெயர்க் கட்டத்தை மட்டும் வெறுமையாக விட்டிருந்தாள். வாத்தியார் என்னைப் பார்க்கவே இல்லை, அவளைப் பார்த்து, யாரும்மா இந்தப் பழைய லைனைப் போட்டது என்றார். அவள் வாயைத் திறக்குமுன் நான்தான் சார் என்றேன், அவருடைய நாலு பேனாவில் ஒன்றை வாங்கி என் பெயரை நானே எழுதினேன். அவர் மீட்டர் வைத்து அளந்தார், உன் அம்மாவிடம் சபாஷ் என்றார், அவள் முகம் மலர்ந்தது, எனக்கு அப்போதும் வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். என்னிடம், குழி நல்ல ஆழம் சார் என்றார்.

உன் அம்மா தேறிவிட்டாள். நீயும் உரிமம் உள்ள ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த்திலிருந்து தனிப் பச்சை வயர் இழுக்கச் சொல், கசிவு வந்தால் தானே விழும் ட்ரிப் ஸ்விட்ச்சும் போடச் சொல். இதெல்லாம் அம்மா சொன்னது, நான் எழுத்தர் மட்டும்தான். இனி கரண்ட் விஷயத்தில் எந்தச் சந்தேகமானாலும் அவளைக் கேள், எனக்கு வலிக்கத்தான் செய்யும், நீ கேட்கத்தான் வேண்டும். நோய்நொடியின்றி, நினைத்ததெல்லாம் நடந்து, நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அதுவரை வெந்நீரை அடுப்பில் வைத்துக் குளி. மறந்துவிடாதே, வேலை முடிந்து ஹீட்டர் பத்திரம் என்று தெரிந்த அன்றைக்கு அந்தச் செய்தியை முதலில் எனக்குச் சொல். உன் அம்மாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் மேல் உயிரையே வைத்திருக்கும்
அப்பா