கூட்டுக் கிணற்றின் முறை

சூலூர்

அன்பு மகள் லோகப்பிரியாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க அவிநாசியப்பர் துணை. உடம்பைத் தவிர வேறெதையும் நல்லபடி என்று எழுதக் கை வரவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது நீ கூட்டுக் கிணற்று மோட்டாருக்கு மாட்டிய, தேதி பார்த்துத் தானாகத் தண்ணீர் திருப்பும் மெஷினில் என்ன தப்பு என்று போனில் கேட்டாய், அம்மா பக்கத்தில் அழுதுகொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. ஒரு நாள் நமக்கு, ஒரு நாள் பெரியப்பாவுக்கு என்று நான் சொன்னபடிதான் நீ வைத்தாய். ஆனால் எங்கள் முறை தேதியில் இல்லை அம்மணி, கரண்டில் இருக்கிறது. அவர் முறையன்று கரண்ட் போய்விட்டால், மறுநாள் அந்தக் குறையை அவர் பாய்ச்சிக்கொண்ட பிறகுதான் நாம் தண்ணீரைத் திருப்புவோம். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொண்டதில்லை, அப்படியே நடந்துவந்தது, உனக்குச் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. சித்திரையில் அவர் முறையன்று கரண்ட் வரவேயில்லை. நாங்கள் ஈரோட்டுக் கல்யாணத்தில் இருந்தோம், மறுநாள் உன் மெஷின் தானாக நம் வாழைக்குத் திருப்பிவிட்டது, அவருடைய தக்காளி நாற்று கருகிப்போனது. நான் வேண்டுமென்றே செய்ததாக நினைத்துக்கொண்டார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை, தன் பங்குக்கு அவரும் ஒரு மெஷின் மாட்டினார். ஒன்று போட இன்னொன்று நிறுத்த, மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி புகைந்துபோனது.

காயில் கம்பியைப் புதிதாகச் சுற்றிக் கட்டியாகிவிட்டது. நீ சொன்னபடி முறையை எழுதி இருவரும் கையெழுத்துப் போடலாம் என்று கேட்கப் போனேன். அண்ணன் வாசலிலேயே நிறுத்தி, "எழுதி வெச்சுத்தான் தண்ணி உடோணும்னா, நாம எதுக்கு தனபாலு அண்ணந்தம்பின்னு இருக்கோணும்?" என்றார். கொண்டுபோன காகிதத்தை மடித்துக்கொண்டு திரும்பிவிட்டேன். இப்போது யார் முறை என்றே இருவருக்கும் தெரியாது. முதலில் தொடுகிறவன் திருடன் ஆகிவிடுவான் என்று இருவருமே மோட்டாரைத் தொடுவதில்லை. கிணற்றில் தண்ணீர் நிறைய நிற்கிறது, குலை தள்ளும் வாழை வாடிச் சாய்கிறது.

நேற்று அவர் தோட்டத்துக்கு போர்வெல் போடும் லாரி வந்துவிட்டது. இனிமேல் கிணறு முழுதும் நமக்கேதானாம், உன் பெரியம்மா ஆள் விட்டுச் சொன்னார். எனக்கு எதற்கு அம்மணி அந்தக் கிணறு, யாரோடு முறை வைத்து இறைப்பேன்.

மெஷினுக்கென்று நீ திருத்தி அனுப்பிய முறைக் கணக்கு சரியாகத்தான் இருக்கும், உன்மேல் குறை ஒன்றுமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, நீங்கள் இருவரும் ஒற்றுமையாக நல்லா இருக்கவேண்டும். பெரியப்பாவுக்குப் போன் மட்டும் போடாதே கண்ணு, எடுக்கமாட்டார்.

ஆசிகளுடன்,
அப்பா தனபால்